பூஜை போட்ட கம்ப்யூட்டர்

ஒரகடத்தில் நான் வேலை பார்த்த கம்பெனியில் பயிற்சிக் காலம் முடியப் போகிற நேரம். நிரந்தரம் ஆக வேண்டுமென்றால் லைன் சூப்பர்வைசர் கையெழுத்துப் போட வேண்டும். அதற்காக அவர் சொன்ன எல்லா முட்டாள்தனத்துக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

கடைசிச் சோதனை மேஜையில் பார்கோடு படிக்கிற ஸ்கேனரின் ஒயரை டிராலிகள் அடிக்கடி அறுத்துவிடும். அதனால் ஒயர் இல்லாத புளூடூத் ஸ்கேனர் வாங்கினார்கள். மேஜைக் கம்ப்யூட்டரில் லினக்ஸ். அதன் கெர்னலில், அதாவது மொத்த சிஸ்டத்தையும் நடத்தும் அடிப்படை நிரலில், புளூடூத்தே கிடையாது. தேவையில்லை என்று யாரோ நீக்கியிருந்தார்கள். அதைச் சேர்த்துப் புதுக் கெர்னல் செய்வது என் வேலை.

செய்தேன். ஆயுத பூஜையன்று காலையில் ஏற்றினேன். கம்ப்யூட்டர் ஒழுங்காகக் கிளம்பியது. ஸ்கேனரோடு சேர்த்துப் பார்க்கலாம் என்று பெட்டியைக் கேட்டால் சூப்பர்வைசர் தரவில்லை. அவர் பக்கத்துக் கிராமத்துக்காரர்.

"புச்சுபா. சாமிகிட்ட வெச்சிட்டுதான் பிரிக்கணும்."

"பூஜை முடிஞ்சா மறுநாள் வரைக்கும் மிஷினத் தொடக்கூடாதும்பீங்க. பெறகு எப்பண்ணே டெஸ்ட் பண்ண?"

"நாளைக்கி லைன்ல பாத்துக்கலாம். ஓடலன்னா உன்னிய பாத்துக்கலாம்."

சிரித்தார்.

எல்லா மிஷினுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தார்கள். கம்ப்யூட்டரின் பவர் பட்டன் மேலேயே பெரிய பொட்டு. கேன்டீனில் பொரியை வாயில் போடும்போதுதான் உறைத்தது. கெர்னலில் ஒரு வசதியை உள்ளேயே சேர்த்துவிடலாம். இல்லையென்றால் வேண்டும்போது ஏற்றிக்கொள்ளும் தனித் துண்டாக, மாட்யூலாக வைக்கலாம். புளூடூத்தை நான் மாட்யூலாக வைத்திருந்தேன். கெர்னலை மட்டும் ஏற்றிவிட்டு வந்திருந்தேன். மாட்யூல்கள் என் சட்டைப்பையில், பென்டிரைவில் கிடந்தன. காலையில் ஸ்கேனரைக் கொடுத்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும்.

எல்லாரும் ஸ்வீட் பாக்கெட்டுக்கு வரிசையில் நின்றபோது லைனுக்குப் போனேன். பட்டனை அழுத்தினேன். விரல் சிவப்பானது. மாட்யூல்களை ஏற்றிக்கொண்டிருக்கும்போது பின்னால் குரல். டிபன் பாக்ஸை மறந்துவிட்டுப் போன ஆபரேட்டர் அக்கா.

"இன்னா தம்பி, சாமி தூங்கிக்கினு கீது. எழுப்பிட்டியா?"

"யக்கா, யார்ட்டயும் சொல்லிராதீங்க."

"நான் இன்னாத்துக்குச் சொல்றேன். சீக்கிரம் முடி. அவுரு இன்னும் ஜிலேபி குடுத்துக்கினுதான் கீறாரு."

பூச்சுற்றிய பெட்டியைப் பிரித்து ஸ்கேனரை இணைத்தேன். ஒரு லேபிளில் காட்டினேன். பீப் என்றது. திரையில் எண் வந்தது. அணைத்துவிட்டுப் பூவைத் திரும்பச் சுற்றினேன். பொட்டை மட்டும் வைக்க முடியவில்லை. குங்குமத்துக்கு எங்கே போக?

மறுநாள் ஸ்கேனர் முதல் பீஸிலேயே படித்தது. கொஞ்ச நேரத்தில் கன்வேயர் கிறீச்சிட்டு நின்றது. சூப்பர்வைசர் கன்வேயரைப் பார்க்கவில்லை. நேராகக் கம்ப்யூட்டரிடம் வந்தார்.

"பொட்டு எங்கபா? பூஜ போட்டத தொட்டியா?"

"தொட்டேன். தொடலைன்னா இது ஓடியிருக்காது. கன்வேயர் நின்னது அதனால இல்லண்ணே. பூஜைக்குன்னு செயின்ல இருந்த கிரீஸ் பூராத்தையும் தொடைச்சு எடுத்துட்டாங்க."

மிஷின்களைப் பழுது பார்க்கும் பிட்டர் குனிந்து செயினைத் தொட்டுப் பார்த்தார். விரலில் பிசுக்கே ஒட்டவில்லை. கிரீஸ் டப்பாவை எடுக்கப் போனார். சூப்பர்வைசரும் அதைப் பார்த்தார்.

"அது கெடக்கட்டும். கம்பெனி கேட்டாண்ட ஒரு பூசணிக்கா ஒட. உன் பர்மனென்ட் பேப்பர் என் டேபிள் மேலதான் கீது."

கிரீஸ் போட்டதும் கன்வேயர் ஓடியது. அதற்குப் பிறகுதான் நான் பூசணிக்காய் உடைத்தேன். கன்வேயர்தான் முன்பே ஓடிவிட்டதே என்று யாரும் கேட்கவில்லை. சாயங்காலம் அவர் கையெழுத்துப் போட்டார். ரோட்டில் சிதறிய துண்டுகளை நானே காலால் ஓரம் தள்ளினேன். ஷிப்ட் விடும் நேரம், பைக்குகள் வழுக்கும்.