தடித்த காலுக்கு நோய் வராது

எங்கள் ஊரில் கெட்டுப்போன கால் என்றால் சூம்பியிருக்க வேண்டும், தொளதொளவென்று ஆட வேண்டும். என் அண்ணனுக்குப் போலியோவில் போன இடது கால் அப்படி. ஊரே அதை அளவுகோலாக வைத்து வைத்தியம் பார்த்தது. நானும் அந்த வைத்தியக் கல்லூரியில் படித்தவன்தான்.

1991இல் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இருந்தேன். இரண்டு கால்களும் மெல்ல விறைத்தன. செருப்பின் நுனி மட்டும் தேய்ந்தது. சட்டைப் பொத்தான் போட நேரம் பிடித்தது. அண்ணனிடம் காலைக் காட்டினேன். அமுக்கிப் பார்த்து, "கல்லு மாதிரி கீது. உனக்கு இன்னாடா கேடு? வேலைக்குப் போவாம இருக்க சாக்கு" என்றான்.

தொழிற்சாலை டாக்டர் வியாழக்கிழமைகளில் வருவார். தொழிலாளிகள் அத்தனை பேரும் நடிகர்கள் என்பது அவர் படித்த மருத்துவம். முட்டிக்குக் கீழே ரப்பர் சுத்தியலால் தட்டினார். கால் பாய்ந்து அவர் மேசையை உதைத்தது. தண்ணீர் டம்ளர் உருண்டது. "இந்த உதை உதைக்கிறவனுக்கு லீவா?" என்று சொல்லி 'ஃபிட்' என எழுதினார். வெட்கக்கேடு, எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை. அந்தப் பெருமையோடு ஐந்து மாதம் ஷிஃப்ட் பார்த்தேன், பிறகு பஸ் படியில் விழுந்தேன்.

மெட்ராஸில் ஓர் அரசு ஆஸ்பத்திரியில் பெண் டாக்டர் ஒருவர் சாவியால் என் உள்ளங்காலைக் கீறினார். கீழே மடங்க வேண்டிய கட்டைவிரல் மேலே நிமிர்ந்தது. அண்ணனின் காலைச் சொல்லி, எனக்கும் அவனுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன்.

"மூளையிலேர்ந்து தண்டுவடத்துக்கு ஒரு நரம்பு வருது. அங்கேர்ந்து காலுக்கு இன்னொண்ணு போகுது. உங்க அண்ணனுக்குப் போனது கீழ் நரம்பு, அதான் கால் சூம்பிடுச்சு. உங்களுக்கு மேல் நரம்பு கழுத்துல நசுங்குது. அடக்கறதுக்கு மேலே ஆள் இல்ல, அதான் கால் விறைக்குது, தட்டினா துள்ளுது. அந்தத் துள்ளல்தான் வியாதி" என்றார்.

சூப்பர்வைசர் வராத நாளில் எங்கள் லைன் ஆடிய ஆட்டம் எனக்குத் தெரியும். சட்டென்று புரிந்தது. டம்ளரை உருட்டிய உதைக்குப் பெருமைப்பட்டவனை நினைத்தால் இன்றும் அறையத் தோன்றுகிறது.

கழுத்தில் ஆபரேஷன் செய்தார்கள். கைகள் பிழைத்தன. கால்களில் போனது போனதுதான். முன்பே வந்திருந்தால் நன்றாக நடந்திருப்பீர்கள் என்றார் டாக்டர்.

வீடு திரும்பிய வாரம் அண்ணனோடு சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன். அவன் சூம்பிய காலை இழுத்துக்கொண்டே முன்னால் போய்விட்டான். திரும்பிப் பார்த்து நின்றான். "மெதுவாவே வாடா, பஸ்ஸு நிக்கும்" என்றான். சின்ன வயதிலிருந்து நான் அவனுக்குச் சொல்லிவந்தது அது.