வேலியில் காய்ந்த வானம்

செபமாலையின் உழவு மிசின் ஏன் பாதி வழியில் திரும்பியது? இதைத் தெரிந்து நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள்? வேறு வேலை இல்லையா? அடுப்பில் கறி இருந்தால் முதலில் போய் இறக்கிவிட்டு வாருங்கள்... நான் சொல்லாமல் விடமாட்டேன் என்று உங்களுக்கும் தெரியும்.

என் பேத்தி நிலானி முருங்கனில் விஞ்ஞானம் படிப்பிக்கிறாள். போன சனிக்கிழமை பஸ்ஸால் இறங்கியவள், வகுப்புக்கு வாங்கிய பெரிய படமொன்றை மழையில் நனைத்துக்கொண்டு வந்தாள். அவள் குளிக்கப் போன நேரம், நான்தான் அதை வாசல் வேலியில் நாலு கிளிப் போட்டுக் காயவிட்டேன்.

முட்டை வடிவம். சுற்றிவர நீலம். நடுவில் குறுக்கே சிவப்பாக ஒரு பட்டை — அங்கங்கே சிவப்புப் புள்ளிகள்.

எங்கள் ஊரில் இப்படிப் படம் என்றால் ஒன்றுதான். சண்டைக் காலத்தில் புதைத்த மிதிவெடிகளைத் தோண்டி எடுக்கிறவர்கள் கூட்டுறவுச் சங்கக்கடைச் சுவரில் ஒட்டுவார்களே, அது. சிவப்பு என்றால் அந்தப் பக்கம் காலே வைக்கக் கூடாது. சண்டை முடிந்து திரும்பி வந்து குடியேறிய நாளிலிருந்து, செபப் புத்தகத்தைவிட அதைத்தான் நாங்கள் அதிகம் பார்த்திருக்கிறோம்.

அந்த நேரம் பார்த்து செபமாலை வந்தான். இருபது வருடம் இந்தியாவில் அகதி முகாமில் இருந்தவன். கட்டுக்கரைக் குளத்துக்குக் கீழே இருக்கிற அவன் வயலில் வெடி இல்லை என்று போன மாதம்தான் சொன்னார்கள். இதுதான் முதல் விதைப்பு. பின்னால் உழவு மிசின். அன்றைக்கு விட்டால் மிசின் வேறு ஊருக்குப் போய்விடும், போகமும் தவறிவிடும்.

"என்னக்கா, புதுப் படமோ?"

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கலாம்தானே? இருந்தேனா?

"ஓம் தம்பி. சிவப்பில கால் வைச்சிடாதை."

சிரிப்பான் என்று பார்த்தால்... அந்தச் சிவப்புப் பட்டைக்குள் தன் வயலைத் தேடினான். பிறகு மிசின்காரனைத் திரும்பிப் போகச் சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தான். அங்கே அவன் மனைவி ரோசம்மா விதைநெல் மூட்டைமேல் இருந்துகொண்டு அழத் தொடங்கியது எங்கள் வீடு வரைக்கும் கேட்டது.

நிலானியை ஈரத் தலையோடு இழுத்துக்கொண்டு ஓடினேன்.

"மாமா, அது வானத்தின்ர படம்" என்றாள் அவள். "காமாக் கதிர் எண்டொரு வெளிச்சம். எங்கட கண்ணுக்குத் தெரியாது. காத்து மண்டலம் அதைக் கீழ விடாது. அதால கருவியை மேல அனுப்பி எடுத்திருக்கினம். சிவப்பெண்டால் அங்க அந்த வெளிச்சம் கூட. அவ்வளவுதான்."

"நடுவால ஒரு பட்டை போகுதே பிள்ளை?" என்றான் செபமாலை.

"அது பால்வீதி. எங்கட நட்சத்திரக் கூட்டம்."

"என்ர வயல்?"

"உங்கட வயலும் இல்லை, மன்னாரும் இல்லை. பூமியே இந்தப் படத்தில இல்லை, மாமா."

அவன் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. நிலானி விடவில்லை. வாத்தியார் வேலை பார்க்கிறவளாச்சே...

"இந்த வெளிச்சத்தில பாத்தால் சூரியனைவிடச் சந்திரன்தான் பிரகாசம், தெரியுமோ?"

"எங்கட வீட்டிலயும் அப்பிடித்தான்" என்றாள் ரோசம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டே புருசனைப் பார்த்து.

செபமாலை சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தான். மிசின்காரன் சந்தியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்றது என் நல்ல காலம்.

பின்னேரம் போய்ப் பார்த்தேன். இருபது வருடம் உழாத மண் கறுப்பாகப் புரண்டு கிடந்தது. அதற்குள் கொக்குகளுக்கும் தகவல் போயிருந்தது. செபமாலை செருப்பைக் கழற்றி வரம்பில் வைத்துவிட்டு, வயலுக்குள் வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்தான்.

அக்கம்பக்கத்தார் விடுவார்களா? "வானத்திலயும் சிவப்புக் கிடக்குதாமே?" என்று வந்துவிட்டார்கள்.

"ஓம், கிடக்குதுதான்" என்றேன். "ஆனால் அங்க ஆரும் கொண்டுபோய்ப் புதைக்கேல்லை."