இரண்டு வயிறு, ஒரே தையல்

எருமப்பட்டியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் நான் உடற்கல்வி ஆசிரியை. பெயர் அன்புச்செல்வி. வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, விசில் ஊதி, மற்றவர்களை ஓடவைப்பதுதான் என் உத்தியோகம். விசில் ஊதினாலே எனக்கு மூச்சு வாங்கும். ஆண்டு விழாவில் ஆசிரியைகளுக்குக் கயிறு இழுக்கும் போட்டி வைத்தபோது, என்னை இரண்டு ஆளாகக் கணக்கில் எடுக்கவேண்டும் என்று எதிரணி முறையிட்டது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நான்தான். நாங்கள் ஜெயித்தோம். ஜெயித்த பிறகு என்னைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்த, தோற்ற அணியும் சேர்ந்து வரவேண்டியிருந்தது.

ஆனாலும் நான் ஆஸ்பத்திரிக்குப் போனது எனக்காக இல்லை. என் கணவர் சபரிநாதன் நாமக்கல்லில் போர்வெல் ஏஜென்ட். ரிக் வண்டியோடு ஊர் ஊராகச் சுற்றி, பரோட்டாக் கடைகளில் வளர்த்த உடம்பு. சர்க்கரை ஏறிக்கொண்டே போனதால் சேலத்தில் டாக்டர் மஹீனிடம் கூட்டிப்போனேன். அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதுல பேஷன்ட் யாருங்க?" என்று கேட்டார்.

அவர் சொன்ன சிகிச்சையில் வயிற்றைக் கிழிப்பதில்லை. மயக்க மருந்து கொடுத்து, வாய் வழியாகக் குழாய் விட்டு, இரைப்பையை உள்ளிருந்தே தைத்துச் சுருக்கிவிடுவார்கள். கொஞ்சம் சாப்பிட்டாலே நிறைந்துவிடும். நல்லது கெட்டது எல்லாம் விளக்கி, எனக்கும் பரிசோதனைகள் எடுத்தார். துணைக்குப் போன நானும் தைத்துக்கொண்டுதான் வீடு திரும்பினேன்.

ஒரே குக்கரில் வைத்த பருப்புத் தண்ணீர், ஒரே சட்டியில் கலக்கிய மோர். இரண்டு பேரும் அளந்து குடித்தோம். சீக்கிரமே அவருக்குப் பேன்ட் நழுவ ஆரம்பித்தது. பெல்ட்டில் புது ஓட்டை போட்டார், பிறகு பெல்ட்டையே மாற்றினார். எனக்கு நழுவியது மோதிரம் மட்டும்.

நாத்தனார் சென்னம்மாள் வந்து அண்ணனைத் தடவித் தடவிப் பார்த்தாள். "அண்ணன் பாதியாப் போயிட்டாருங்க அண்ணி. நீங்க எப்பப் பண்ணிக்கப் போறீங்க?"

அன்றிலிருந்து எனக்குச் சந்தேகம். மனுஷன் எனக்குத் தெரியாமல் எங்கோ ஓடுகிறார், இல்லை ஜிம்முக்குப் போகிறார். அரை நாள் லீவு போட்டு, ஸ்கூட்டியில் நாமக்கல் வரை பின்னாலேயே போனேன். அவர் ஆபீசில் காலை நீட்டி உட்கார்ந்தார். பிறகு தூங்கினார். எதிரே பேக்கரியில் சும்மா நின்றால் நன்றாக இருக்காதே என்று நான் ஒரு பப்ஸ் வாங்கினேன். பாதிக்கு மேல் உள்ளே போகவில்லை. அந்த அளவுக்குத் தையல் வேலை செய்ததே என்று சந்தோஷப்படக்கூடத் தோன்றவில்லை.

அடுத்த முறை டாக்டரிடம் நேராகவே கேட்டேன். "ஏனுங்க டாக்டர், அவருக்கு மிஷின்ல தைச்சுப்போட்டு எனக்குக் கையில ஓட்டி உட்டுட்டீங்களா?"

அவர் சிரிக்காமல் விளக்கினார். ஆணுக்கு உடம்பு பெரிது, தசை அதிகம், சும்மா உட்கார்ந்திருந்தாலும் அதிகம் எரியும். அதனால் கிலோவாகப் பார்த்தால் அவர்களுக்கு மளமளவென்று இறங்கும். ஆரம்பத்தில் இருந்த எடையில் எத்தனை பங்கு போனது என்று பார்த்தால் நானும் என் கணவரும் ஏறக்குறைய ஒன்றுதான். சில ஆய்வுகளில் பெண்கள் முந்துகிறார்கள், சிலவற்றில் வித்தியாசமே தெரிவதில்லை. எப்படியானாலும் வீட்டில் போட்டி வேண்டாம் என்றார்.

பெண்கள் முந்துகிறார்கள் என்பது மட்டும் என் காதில் விழுந்தது. மறுநாளே பள்ளி மணி அடிக்குமுன் மைதானத்தைச் சுற்றி நடக்கத் தொடங்கினேன். பிள்ளைகள் ஓடிவந்து, என்ன தொலைத்துவிட்டேன் என்று கேட்டார்கள். அவர்களும் குனிந்து கொஞ்ச நேரம் தேடினார்கள்.

இதற்கிடையே என் கணவருக்கு வேறு தொல்லை. போர் போடக் கூப்பிடும் தோட்டத்துக்காரர்கள் எல்லோரும் சர்க்கரை முத்திவிட்டதா என்று விசாரித்தார்கள். கன்னம் ஒட்டியதை மறைக்க மீசையை அடர்த்தியாக விட்டார். போர் போடும் இடங்களில் மறுபடி பரோட்டாவைப் பிய்க்க ஆரம்பித்தார்.

"எளைச்சாலே நோவுன்னு பாக்கறாங்க புள்ள," என்றார் ஒரு நாள். "உன்னைய யாரும் ஒண்ணும் கேக்கறதில்ல."

யாரும் கேட்கவில்லையே என்றுதான் நான் அழுதுகொண்டிருந்தேன். எல்லோரும் கேட்கிறார்களே என்று அவர் வாடிக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. சாயங்காலம் வரை இருந்தது.

ஒரு வருடம் கழித்து நாங்கள் சேலம் போனபோது டாக்டர் கணக்குப் போட்டார். என் கணவருக்கு எடை இறங்குவது நின்று, சற்றே ஏறியிருந்தது. எனக்கு இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. பங்கு வீதத்தில் நான் ஒரு நூலிழை முந்தியிருந்தேன். அவருக்கு மாத்திரை குறைந்தது, எனக்கு முட்டிவலி குறைந்தது. இந்த நாளுக்காக நான் பல மாதங்களாகப் பேச்சு தயார் செய்து வைத்திருந்தேன். பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் அதை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைத்தேன்.

ராசிபுரம் தாண்டும்போது அவராகவே சொன்னார். "காலையில நீ நடக்கப் போறப்ப என்னையும் எழுப்பி உடு."

உடற்கல்வி ஆசிரியையின் மிடுக்கோடு, ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டேன்.

மறுநாள் விடிந்து வெகுநேரம் கழித்துக் கண்ணைத் திறந்தபோது, அவர் ஷூ மாட்டிக்கொண்டு கட்டிலோரம் நின்று என் காலை ஆட்டிக்கொண்டிருந்தார்.