எட்டுப் பல்லும் அக்காவின் தொட்டிலும்

அக்கா அந்த மரத் தொட்டிலை பெங்களூரு நீலசந்திராவிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டிக்கு லக்கேஜ் ஆட்டோவில் ஏற்றி, தானும் பின்னால் அதைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்து வந்தாள். நாலு பக்கமும் கம்பு வைத்த தேக்குத் தொட்டில். எங்கள் பன்னிரண்டாவது மாடி வீட்டில் இறக்கி வைத்ததும் மேல்சட்டத்தை முந்தானையால் துடைத்துவிட்டுச் சொன்னாள்: "எம் புள்ளைங்க ரெண்டும் இதுலதான் வளந்துச்சு. ஒரு கீறல் காட்டு பாக்கலாம்."

நான் தேடினேன். கீறல் இல்லை. அன்றே திருப்பி அனுப்பியிருக்க வேண்டும்.

அக்காவைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். அவளுடைய டிபன் கேரியரில் ஒரு அடுக்கை நான் பஸ்ஸில் தொலைத்துவிட்டேன் என்பதற்காக ஆறு மாதம் என்னிடம் பேசாமல் இருந்தவள் அவள். அம்மா அப்பா போன பிறகு எனக்கென்று இருப்பது அவள் ஒருத்திதான். அந்த ஆறு மாதம் எப்படிப் போனது என்று எனக்குத்தான் தெரியும். ஒரு அடுக்குக்கே ஆறு மாதம் என்றால் ஒரு தொட்டிலுக்கு எவ்வளவு காலம் பேசமாட்டாள் என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருந்தது.

மகளுக்குப் பத்தாவது மாதத்தில் கீழே இரண்டு பல் வந்தது. நாங்கள் அதைக் கண்டுபிடித்தது அவள் வாயைப் பார்த்து அல்ல, தொட்டிலைப் பார்த்து. வீட்டிலிருந்தபடியே ஆபீஸ் மீட்டிங்கில் நான் எதையோ விளக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்து அறையிலிருந்து கரக் கரக் என்று சத்தம். "உங்க வீட்ல எலி இருக்கா?" என்று மேனேஜர் கேட்டார். ஓடிப் போய்ப் பார்த்தால், மகள் எழுந்து நின்று மேல்சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக் கரும்பு கடிப்பதுபோல் கடித்துக்கொண்டிருந்தாள். உதட்டில் வார்னிஷ் துணுக்கு ஒட்டியிருந்தது.

கடிப்பதற்கென்றே விற்கிற ரப்பர் வளையத்தை ஃபிரிட்ஜில் குளிர வைத்துக் கொடுத்தோம். அதை வாங்கி என் வாயில் திணித்துவிட்டு அவள் மரத்துக்குத் திரும்பினாள். மேல்சட்டத்தில் துணி சுற்றி டேப் ஒட்டினோம். டேப்பை உரித்தாள், துணியைச் சப்பி முடித்தாள், பிறகு நிதானமாக மரத்துக்கு வந்தாள்.

எதிர் வீட்டுக் கன்னடக்கார அம்மாள் வந்து பார்த்துவிட்டு, "நம் நாயினூ ஹீகே மாட்தித்து" என்றார். அவர் வீட்டு நாயும் இப்படித்தான் செய்ததாம். நாய்களுக்கான கசப்பு ஸ்ப்ரே ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். என் மனைவி பார்த்த பார்வையில் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு மட்டும் உள்ளுக்குள் கொஞ்சம் ஆசையாகத்தான் இருந்தது.

ஸ்ப்ரே போய்விட்டாலும் கசப்பு என்ற யோசனை மண்டையில் தங்கிவிட்டது. தாய்ப்பால் மறக்கடிக்க வேப்பெண்ணெய் தடவுவதில்லையா? மேல்சட்டம் முழுக்கத் தடவினேன். போதுமா என்று பார்க்க ஓரமாக நானே ஒரு நக்கு நக்கினேன். பிறகு அரை மணி நேரம் வாஷ்பேசினைவிட்டு நகரவில்லை. மகளும் நக்கினாள். கண்ணை மூடிக்கொண்டாள். மறுபடி நக்கினாள். பிறந்ததிலிருந்து வசம்பும் கடுக்காயும் மாசிக்காயும் தாய்ப்பாலில் இழைத்து, உரைமருந்து என்று வாரம் தவறாமல் அவளுக்குப் புகட்டியது நாங்கள்தான். கசப்பெல்லாம் அவளுக்குப் பழகிப்போயிருந்தது.

"வெறும் கட்டையா இருந்துச்சு. இப்ப ருசி வேற ஏத்திக் குடுத்துட்டீங்க" என்றாள் மனைவி.

மிஞ்சியது ஒரே வழி, அக்காவை வீட்டுப் பக்கம் வரவிடாமல் செய்வது. லிஃப்ட் ரிப்பேர் என்றேன். தண்ணீர் டேங்கர் வரவில்லை என்றேன். மகளுக்குச் சளி, எனக்குச் சளி. மனைவிக்குச் சளி வரவேண்டிய முறை வந்தபோது, "அண்ணிகிட்ட என்னால பொய் சொல்ல முடியாதுங்க" என்று போனை என் கையிலேயே கொடுத்துவிட்டாள். பல் தெரிந்தால் அடுத்த கேள்வி தொட்டிலைப் பற்றித்தான் வரும் என்று, வீடியோ காலில் மகளின் நெற்றியை மட்டும் காட்டினேன். "என்னடா இது, மூஞ்சியக் காட்டுடா" என்பாள் அக்கா. நெட்வொர்க் சரியில்லை என்பேன். இப்படியே நாலு மாதம் ஓட்டினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவளிடமிருந்து போன்.

"கேட்டுல நிக்கிறேன்டா. செக்யூரிட்டி என்னமோ ஓடிபி கேக்குறான். என்னா அது, சொல்லு."

அன்றைக்குப் பார்த்து லிஃப்ட் பிரமாதமாக வேலை செய்தது. நான் பிரவுன் கலர் ஷூ பாலிஷை எடுத்துக்கொண்டு பல் தடங்களில் பூச ஓடினேன். "அதையும் அவ திங்கணுமா?" என்று மனைவி பிடுங்கிக்கொண்டாள். மகள் தொட்டிலுக்குள் நின்று வேடிக்கை பார்த்தாள். ஒரு பெட்ஷீட்டை மேல்சட்டத்தின் மேல் போட்டு, அதில் ஒரு முழங்கையை ஊன்றி, எப்போதும் அப்படியே நிற்கிறவன்போல் நின்றேன்.

அக்கா உள்ளே வந்தாள். மகள் அத்தையைப் பார்த்துச் சிரித்தாள். பெட்ஷீட்டை உருவினாள். குனிந்தாள். கரக்.

அக்கா தொட்டிலுக்குக் கிட்ட வந்து மேல்சட்டத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தடவினாள். விரல் குழிகளில் தட்டித் தட்டிப் போனது. "இழைச்சு வார்னிஷ் அடிச்சுத் தர்றேன்க்கா, வேணும்னா புதுசே செஞ்சு தர்றேன்க்கா" என்று நான் உளறினேன். அவள் காதில் வாங்கவே இல்லை. மகளின் உதட்டைத் தூக்கிப் பார்த்தாள்.

"மேல நாலு, கீழ நாலு. எட்டு பல்லு. ஒரு பல்லுக்காவது என்னைக் கூப்ட்டியாடா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் குடும்பத்தில் குழந்தைக்கு முதல் பல் வந்தால், அத்தைதான் பல்லளவு பல்லளவாகக் கொழுக்கட்டை பிடித்துக் குழந்தையின் தலையில் கொட்டுவாள். என் மகளுக்கு இருப்பது ஒரே அத்தை. தொட்டிலை மறைக்கப் போய் நான் பல்லையே மறைத்திருந்தேன்.

"இன்னிக்கிக் கூப்புடுவான், நாளைக்கிக் கூப்புடுவான்னு மாவு அரைச்சு அரைச்சு வெச்சேன். மூணு தடவ வண்டு வந்து கொட்டுனேன்" என்றாள். "தொட்டிலு என்னடா பெரிய தொட்டிலு, மரம்தானே அது."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மனைவி அழ ஆரம்பித்துவிட்டாள்.

அக்கா மகளின் வாய்க்குள் விரலை விட்டு ஒவ்வொரு பல்லாகத் தடவினாள். மகள் சும்மா விடுவாளா? எட்டுப் பல்லாலும் விரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நான் பாய்ந்து அவள் வாயைத் திறக்கப் போனேன்.

அக்கா என் கையைத் தட்டிவிட்டாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"விடுடா, கடிக்கட்டும். எம் மருமவளுக்குப் பல்லு மொளைச்சிருக்குன்னு இப்பவாவது எனக்குத் தெரியட்டும்."