மிதிபடவே நட்ட மரிக்கொழுந்து

சீனப் போர் முடிந்த மறுவருஷம். பெங்களூரில் காயம்பட்ட சிப்பாய்கள் தங்கியிருந்த ஆஸ்பத்திரிக்குப் பின்னால், அவர்களும் வீட்டாரும் சேர்ந்து ஒரு தோட்டம் போட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அல்சூரிலிருந்து நானும் களை பறிக்கப் போவேன்.

அங்கே இருந்த ஏகாம்பரத்துக்குப் போரில் இரண்டு கண்ணும் போயிருந்தது. யாராவது கையைப் பிடித்து நடத்த வந்தால் அவருக்குப் பொல்லாத கோபம் வரும். பாதி நாள் கட்டிலை விட்டே இறங்க மாட்டார்.

அவர் மனைவி காமாட்சி தோட்டத்து நடைபாதையின் இரண்டு ஓரத்திலும் மரிக்கொழுந்து நட்டாள்.

"இங்கே வச்சா மிதிபட்டுப் போயிடுமேம்மா" என்று பிடுங்கப் போனேன்.

"விடுங்கக்கா, மிதிபடத்தான் வச்சிருக்கேன்" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. செடி தழைத்ததும் ஒரு காலையில், கணவரை எப்படியோ பேசித் தோட்டத்துக்குக் கூட்டிவந்தாள். செருப்பைக் கழற்றச் சொல்லி, பூவாளியைக் கையில் கொடுத்தாள்.

"வாசனை வந்தா ஓரத்துக்கு வந்துட்டீங்கன்னு அர்த்தம். உள்ளே தள்ளி நடங்க" என்று சொல்லிவிட்டு, முன்னால் போய்க் கோடியில் நின்றுகொண்டாள்.

அவர் தயங்கித் தயங்கி நடந்தார். காலடியில் இலை நசுங்கி மணந்தது. நின்றார், விலகினார், மறுபடி நடந்தார். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே கோடி வரை வந்து, காமாட்சிக்கு எதிரில் சட்டென்று நின்றார்.

"கால்ல ஒண்ணும் தட்டலை, வாசனை மட்டும் வருதே!" என்று சிரித்தார்.

அவள் தலையிலும் மரிக்கொழுந்து இருந்தது.

கையைப் பிடிக்க நாங்கள் எத்தனையோ பேர் இருந்தோம். கையை விடுவதற்காக அவள் ஒருத்திதான் வழியெல்லாம் செடி நட்டாள்.