வேனுக்குள் ஓடிய டேபிள் ஃபேன்

பக்கத்து மனையில் அஸ்திவாரம் தோண்ட ஆரம்பித்த அன்றே நான் அந்தப் பக்கத்து ஜன்னல்களையெல்லாம் சாத்தினேன். வீடு கட்டுபவர் நல்ல மனிதர்தான். தேங்காயும் வெற்றிலையும் தட்டில் வைத்துக் கொண்டுவந்து, "கொஞ்சம் சத்தமா இருக்கும், பொறுத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் பொறுத்துக்கொள்வோம். என் மகளால் முடியாது.

அவளுக்கு இருபது வயது. பேச்சு வரவில்லை. குழந்தையாக இருக்கும்போதே வேலூரில் காட்டி, ஆட்டிசம் என்று தெரிந்துகொண்டோம். சத்தம் மட்டும் அவளுக்கு எங்களைவிடப் பல மடங்கு அதிகமாகக் கேட்கும். தெருமுனையில் குக்கர் விசில் அடித்தால் இங்கே காதைப் பொத்துவாள். டிரில்லிங் மிஷின் ஓடினால் சுவரில் தலையை மோதுவாள், மணிக்கட்டைக் கடிப்பாள். அந்தச் சமயத்தில் அவள் போடும் கூச்சலைக் கேட்டுத் தெருவில் யாரோ ஒருவர் போலீசுக்கே போன் செய்துவிட்டார். வந்த ஏட்டு, கதவைத் திறந்த என் கணவரைப் பார்த்து, "பொண்ண இன்னா பண்றீங்க உள்ள?" என்று கேட்டார். உள்ளே வந்து அவளைப் பார்த்தபின் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அவளை அமைதிப்படுத்துவது ஒரே ஒரு பொருள்தான். எங்கள் கல்யாணத்துக்கு வந்த பழைய டேபிள் ஃபேன். அதன் பின்பக்கத்தில் காதை ஒட்டி வைத்துப் படுத்தால்தான் தூங்குவாள். மோட்டார் கெட்டுவிடுமோ என்று பயந்து, அதே மாதிரி புதியது ஒன்று வாங்கிவந்து பார்த்தோம். ஒரு தள்ளுத் தள்ளிவிட்டாள்.

என் கணவர் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனில் இருக்கிறார். நானும் அங்கேதான் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைத்துக்கொண்டிருந்தேன். மகள் பெரியவளான பிறகு பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்காமல் வேலையை விட்டேன். கம்பெனியிலிருந்து அவர் கொண்டுவரும் மெல்லிய தோல் துண்டு ஒன்று எப்போதும் அவள் கையில் இருக்கும். கன்னத்தில் தேய்த்துக்கொண்டே இருப்பாள்.

கட்டட வேலை வளர வளர நாங்கள் மூன்று பேரும் தூக்கத்தை மறந்தோம். பகலில் சத்தம். இரவில், பகலில் பட்டதற்கெல்லாம் சேர்த்து அவள் அழுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்களிடம் இருந்த பழைய வேனில் அவளை ஏற்றிக்கொண்டு ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலைக்குப் போனோம். அங்கே ஒரு சாமை வயல் ஓரத்தில் வண்டி நின்றதும், அவள் காதிலிருந்து கையை எடுத்தாள். நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கொண்டுபோன தயிர்சாதத்தைத் தானே எடுத்துச் சாப்பிட்டாள். ஆனால் சாயங்காலம் தூக்கம் வந்ததும் ஃபேனைத் தேட ஆரம்பித்தாள். வேனில் ஃபேனுக்குக் கரண்டு ஏது? அலறலோடு இறங்கினோம். அதற்குப் பிறகும் ஒவ்வொரு ஞாயிறும் போனோம். ஒவ்வொரு ஞாயிறும் அப்படித்தான் இறங்கினோம்.

அப்படி இறங்கும்போது ஒருநாள் ஒரு வளைவில் அவர் வண்டியின் வேகத்தைக் குறைக்கவில்லை. பின்னால் மகள் அலறிக்கொண்டிருந்தாள். அவர் ரோட்டைப் பார்த்தபடியே, "வண்டிய அப்டியே விட்டுடலாம்னு தோணுது" என்றார். குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

"மொதல்ல வண்டிய ஓரம் கட்டுங்க" என்றேன்.

நிறுத்தினார். ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார். நான் அவர் முதுகில் கை வைத்திருந்தேன். எனக்கும் அதே எண்ணம் வந்ததுண்டு என்பதை அன்று நான் சொல்லவில்லை. "அந்த ஃபேன் மலை மேல ஓடணும், அவ்ளோதானே? அதுக்கு வழி பண்ணலாம்" என்று மட்டும் சொன்னேன்.

சொல்லிவிட்டேனே தவிர, வழி எனக்குத் தெரியாது. பிளஸ் டூவில் படித்த இயற்பியல் எங்கேயோ அடியில் கிடந்தது. போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். வண்டியிலேயே படுத்து ஊர் சுற்றுகிறவர்கள் சந்தோஷமாகச் சிரித்துக்கொண்டே பேனலை விரித்துக் காட்டினார்கள், காபி போட்டுக் குடித்தார்கள். நான் மடியில் மகளின் தலையை வைத்துக்கொண்டு, சத்தத்தை அணைத்துவிட்டு, எழுத்தை மட்டும் படித்தேன். ஃபேன் ஐம்பது வாட் இழுக்கும். ராத்திரி பத்து மணி நேரம் ஓடினால் ஐந்நூறு வாட்-அவர். இன்வெர்ட்டர் தனக்கென்று கொஞ்சம் தின்னும். ஆக ஒரு இரவுக்கே ஒரு நடுத்தர லித்தியம் பேட்டரியில் பாதிக்குமேல் தீர்ந்துவிடும். மறுநாள் பகலில் சோலார் பேனல் அதை நிரப்பினால்தான் இரண்டாம் இரவு. இரண்டு இரவுக்கும் போதுகிற பெரிய பேட்டரி எங்கள் கைக்கு எட்டவில்லை.

நிறுத்திய இடத்தில் எஞ்சினை ஓடவிட்டே பேட்டரியை நிரப்பலாமே என்று அவர் கேட்டார். எஞ்சின் சத்தத்துக்கு அவள் என்ன செய்வாள் என்று நான் திருப்பிக் கேட்டதும் அந்த யோசனையை விட்டுவிட்டார்.

வேலூரில் ஒரு சோலார் கடைக்குப் போனேன். கடைக்காரர் நடுவயது பாய். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "எதுக்குமா இவ்ளோ பேஜாரு? பன்னெண்டு வோல்ட் டிசி ஃபேன் ஒண்ணு போட்டுக்கோங்க. கரண்டும் கம்மி, இன்வெர்ட்டரே வேணாம்" என்றார்.

"இந்த ஃபேன்தான் பாய் ஓடணும்."

"ஃபேன்ல இன்னாமா இருக்கு?"

நான் எழுதி வைத்திருந்த சீட்டை எடுத்து நீட்டினேன். கேட்டதை எடுத்து வைத்தார். மடக்கிப் பெட்டி போலத் தூக்கிப் போகிற பேனல், பேட்டரி, நடுவில் மாட்டும் கன்ட்ரோலர், இருந்ததில் மலிவான ஓர் இன்வெர்ட்டர். வீட்டுக்கு வந்ததும் என் கணவர் வேனின் பின் சீட்டைக் கழற்றி மெத்தை போட்டார். ஃபேன் ஆடாமல் இருக்க, பழைய பெல்ட் தோலை வெட்டி வார் அடித்து அதன் காலைக் கட்டினார். பல மாதங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர் பாட்டு முணுமுணுத்ததைக் கேட்டேன்.

மொட்டை மாடியில் வெயிலில் பேனலை விரித்து, கீழே வாசலில் நின்ற வேனுக்கு ஒயர் இழுத்து, ஃபேனைப் போட்டோம். சுற்றியது. "ஓடுது" என்று அவர் சின்னப் பையன் மாதிரிக் கை தட்டினார். மகளைக் கூட்டிவந்து உட்காரவைத்தோம். அவள் ஃபேனின் பின்னால் காதை வைத்தாள். முகம் சுருங்கியது. காதை எடுத்தாள், மறுபடி வைத்தாள். பிறகு ஃபேனை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டி, கீழே தள்ள முடியாமல் தன் முகத்திலேயே அறைந்துகொள்ள ஆரம்பித்தாள்.

அவளைப் பிடித்து வீட்டுக்குள் கொண்டுவர எங்கள் இருவர் பலமும் போதவில்லை. என் உதடு கிழிந்தது. அவர் வெளியே போய் ஒயரையெல்லாம் பிடுங்கிப் போட்டார்.

"இதுவும் போச்சா? இன்னும் இன்னாதான் பண்றது நானு?"

"என்னைய ஏன் கேக்குறீங்க?"

"வேற யாரக் கேக்குறது?"

அன்று இருவரும் சாப்பிடவில்லை. அவள் தூங்கியபின் நான் வேனுக்குள் போய், ஒயரை மறுபடி மாட்டி, அவளைப் போலவே ஃபேனின் பின்னால் காதை வைத்துப் பார்த்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் கேட்டபின், காற்றுச் சத்தத்துக்கு அடியில் ஈ சுற்றுவது போல ஒரு கர்ரென்ற இழுவை கேட்டது. வீட்டுக் கரண்டில் அது இல்லை.

மறுநாள் கடைக்குப் போன் செய்தேன். "அது மலிவு இன்வெர்ட்டர்மா. அதுல வர்ற கரண்டு வீட்டுக் கரண்டு மாதிரி வழவழன்னு வராது, படி படியா வரும். மோட்டார்ல கொஞ்சம் ஹம்மிங் இருக்கும். யாருக்கும் கேக்காது" என்றார்.

"என் பொண்ணுக்குக் கேக்குது பாய்." அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை. அவள் யார், ஃபேன் எதற்கு, மலை எதற்கு என்று எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொன்னேன். அவர் கடைசிவரை கேட்டார்.

"ப்யூர் சைன் இன்வெர்ட்டர்னு ஒண்ணு இருக்கு, வீட்டுக் கரண்டு மாதிரியே வழவழன்னு வரும். விலை ஜாஸ்தி. அதுலயும் பாப்பா வேணாம்னா வீணாப் போய்டும். ஒண்ணு பண்ணுங்க, பாப்பாவையும் ஃபேனையும் இட்டுக்கினு வாங்க. கேட்டுப் பாத்துட்டு எடுத்துக்குங்க."

வேலூர் கடைத்தெருவில் என் மகள்! ஹார்னும் மைக்கும் நிறைந்த இடம். ஆனால் வேறு வழி இல்லை. அவள் தலையில் போர்வையைச் சுற்றி, நான் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டே போனோம். கடை வாசலில் வேன் நின்றதும் அலற ஆரம்பித்தாள். ஆட்கள் கூடினார்கள். ஒருவர் வீடியோ எடுக்கச் செல்போனைத் தூக்கினார். என் கணவர் அவர் முன்னால் போய்க் கையைக் கூப்பினார். எத்தனையோ பேரை எதிர்த்துப் பேசியவர், அன்று கும்பிட்டுக்கொண்டே நின்றார். அந்த ஆள் போனை இறக்கிவிட்டார்.

கடைக்காரர் புது இன்வெர்ட்டரைத் தானே தூக்கிவந்து, வேனின் பின்கதவைத் திறந்து மாட்டினார். அலறலுக்கு நடுவில் ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. நான் அவள் தலையை அதனிடம் கொண்டுபோகவில்லை, விட்டுவிட்டேன். அவளாகவே போர்வையோடு நகர்ந்து போய்க் காதை வைத்தாள். தெருவில் ஒரு பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டே போனது. அவள் எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் தோல் துண்டை மடியிலிருந்து எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

கடைக்காரர் கடைக்குள் போய் விசிறியையும் டிவியையும் அணைத்துவிட்டு நின்றார். ஏன் அணைத்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

பக்கத்து வீட்டுக்குத் தளம் போடுவது ஞாயிற்றுக்கிழமை என்று சொன்னார்கள். கலவை மிஷின் வாசலிலேயே நாள் முழுக்க ஓடும். சனிக்கிழமை மத்தியானமே நாங்கள் கிளம்பிவிட்டோம். இரண்டு இரவு மலையில் இருந்துவிட்டுத் திங்கள் காலை இறங்குவது, அவர் நேராக ஷிஃப்டுக்குப் போவது என்று திட்டம். வயல்காரரிடம் முன்பே கேட்டு வைத்திருந்தோம்.

முதல் இரவு அவள் தூங்கினாள். எங்களுக்குத்தான் தூக்கம் வரவில்லை. பழக்கம் விட்டுப்போயிருந்தது.

ஞாயிறு விடிந்தபோது மலை முழுக்க மேகம். பேனலை விரித்தால் மீட்டரில் ஏதோ பேருக்குக் காட்டியது. பேட்டரி பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. எத்தனை நாள் கணக்கு, எத்தனை வீடியோ, ஒரு மேகத்தில் எல்லாம் முடிந்ததா? அவர் பேனலைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பலா மர நிழல் இல்லாத இடமாகத் தேடி வரப்பில் நடந்தார். மேகம் விலகி ஓரிடத்தில் வெயில் விழுந்தால் அங்கே ஓடுவார். ஒயர் நீளம் போதாமல், எஞ்சின் சத்தமும் கூடாதென்று, நான் வேனைத் தள்ளிக்கொண்டு பின்னால் போவேன். மகள் உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வயல்காரரும் வந்து ஒரு கை கொடுத்து வேனைத் தள்ளினார். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. மூன்று பேரும் வெயிலைத் துரத்திக்கொண்டிருந்தோம். மத்தியானத்துக்குமேல் மழை பிடித்துக்கொண்டது. பேனலை மடக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்தோம்.

"இறங்கிடலாமா?" என்றார்.

"அங்க மிஷின் ஓடும்."

"இங்க கரண்டு நின்னா?"

ஃபேனை மெதுவான வேகத்தில் வைத்தால் சத்தம் மாறிவிடும். வேறு எதையும் குறைக்க எங்களிடம் இல்லை. வேன் விளக்கைக்கூடப் போடாமல், போனை அணைத்துவிட்டு உட்கார்ந்தோம். ஒன்றுக்கும் அது உதவாது என்று எனக்குத் தெரியும்.

விடிந்தபோது மீட்டரில் கடைசிக் கோடு மினுக்கிக்கொண்டிருந்தது. ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அவள் எழுந்து உட்கார்ந்து சோம்பல் முறித்தாள். அவள் கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பு வெளுத்திருந்தது. நான் இன்வெர்ட்டரை அணைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

ஆம்பூர் வந்து தெருவில் திரும்பினோம். எங்கள் வாசலில் கலவை மிஷின் நின்றிருந்தது. ஜல்லிக் குவியல், சட்டி தூக்க வரிசையாக ஆட்கள். ஞாயிற்றுக்கிழமை இங்கேயும் மழையாம். தளம் இன்றைக்குத்தானாம். தட்டில் தேங்காய் கொண்டுவந்த அதே மனிதர் ஓடிவந்து, "மன்னிச்சுக்கங்க, மானம் மழ பேஞ்சு இப்டிப் பண்ணிடுச்சு" என்றார். அதற்குள் மிஷினை ஓட்டிவிட்டார்கள். பின்னால் மகள் காதைப் பொத்தினாள்.

என் கணவர் ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டார். மலைச்சாலையின் வளைவு என் ஞாபகத்துக்கு வந்தது. கையை நீட்டி அவர் தோளைத் தொட்டேன். அவர் ரிவர்ஸ் எடுத்தார்.

"எங்க போறோம்?"

"தெரியல. சத்தமில்லாத எடமா."

பாலாற்றுக்குள் இறங்கும் மண்பாதையில் கொண்டுபோய் நிறுத்தினார். ஆற்றில் மணலும் முள்ளும்தான். கம்பெனிக்குப் போன் செய்து லீவு சொன்னார். அந்தப் பக்கம் ஏதோ கத்தினார்கள். "சரி சார், சரி சார்" என்று கேட்டுக்கொண்டார். நான் பேனலை எடுத்து வெளியே விரித்தேன்.

"இங்க நாறுது" என்றார் அவர். தோல் பதனிடும் ஷாப்புகளின் நாற்றம் காற்றோடு வந்துகொண்டிருந்தது.

"வெயிலு அடிக்குது பாருங்க" என்றேன்.

மீட்டரில் எண் ஏற ஆரம்பித்ததும் ஃபேனைப் போட்டேன். மகள் ஃபேனைப் பார்த்து நகர்ந்து படுத்தாள். அவர் மணலில் துண்டை விரித்து, முகத்தைக் கையால் மூடிப் படுத்தார். சீக்கிரமே குறட்டை விட்டார். நாளைக்கு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டே, நிழல் விழும்போதெல்லாம் நான் பேனலைத் திருப்பி வைத்தேன்.