"சூ" என்றால் போ, "சூ" என்றால் பிடி

எங்கள் வீட்டு றொட்வைலர் நாய் என்னைவிடக் கொஞ்சம்தான் நிறை குறைவு. அதோடு நான் நடக்கப் போனால், கனடாவின் அஜக்ஸில் எங்கள் தெருவே வழிவிடும். "நீர் அதைக் கூட்டிக்கொண்டு போறீரோ, அது உம்மைக் கூட்டிக்கொண்டு போகுதோ?" என்று கணவர் பகிடி பண்ணுவார். பண்ணட்டும். பனிக்காலத்தில், பனி உருக ரோட்டில் போடும் உப்பை அதன் பாதத்திலிருந்து துடைப்பதும், சுவரில் தெறித்த எச்சிலைக் கழுவுவதும் நான். அதனால் அது கேட்பதும் என் சொல்லைத்தான்.

அந்தச் சொல் "இரு". எங்கள் ஊர்ப் பேச்சில் உட்கார் என்று அர்த்தம். சாப்பாடு வைத்தாலும் இரு, கதவைத் திறந்தாலும் இரு. நான் விடும்வரை அசையாது. இவ்வளவு பெரிய நாயை வைத்திருப்பது விளையாட்டில்லை. ஒரே ஒருவரைக் கடித்தால் போதும், பிறகு அதை உயிரோடு விடுவார்களோ தெரியாது.

இவரோ அதற்கு வேறொரு சொல்லைப் பழக்கினார். பின்வளவுத் தக்காளியில் அணில் வாய்வைத்தால், யன்னலைத் திறந்து "சூ! பிடி!" என்பார். நாய் பாயும். இவர் கைதட்டிச் சிரிப்பார்.

"இஞ்சாருங்கோ, உந்தச் சொல்லை உதுக்குப் பழக்காதையுங்கோ. ஒருநாளைக்கு வம்பிலை மாட்டப்போறம்."

"அணிலுக்குத்தானே சொல்லுறன். உமக்கு எல்லாத்துக்கும் பயம்."

ஒரு சனிக்கிழமை வேலிக் கதவு திறந்து கிடந்தது. குப்பை வாளியை எடுத்தவர் இவர்தான், வேறு யார்? நாய் பக்கத்து வீட்டு வெள்ளைக்கார அம்மாவின் பூப்பாத்தியை மணந்துகொண்டு நின்றது. அந்த அம்மா கையை வீசி, ஆங்கிலத்தில் விரட்டினார்.

"ஷூ! ஷூ!"

ஐயோ! அவருடைய மொழியில் அது போ. எங்கள் வீட்டில் அது பிடி. நாய் தலையைத் தூக்கி அணிலைத் தேடியது. அணில் இல்லை, அந்த அம்மாதான் நின்றார். பாய்ந்தது.

"இரு!"

எனக்கு இவ்வளவு பெரிய குரல் இருக்கிறதென்று அன்றுதான் தெரியும். அவருடைய சப்பாத்துக்கு ஒரு முழம் முன்னால், புல்லில் பொத்தென்று இருந்தது நாய். திரும்பிப் பார்த்தால், படியில் என் கணவரும் இருந்துவிட்டார்.

ஓடிப்போய் நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். என் பிள்ளை தப்பிவிட்டது. அந்த அம்மா, என்ன சொல்லி நிறுத்தினாய் என்று கேட்டார். சொல்லிக்கொடுத்தேன். இப்போது வேலிக்கு மேலால் "ஈரு" என்பார். ஒரு மரியாதைக்கு அதுவும் இருக்கும்.

அந்தக் கோடைத் தக்காளியெல்லாம் அணிலுக்குத்தான் போனது. இவர் யன்னலோரம் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். வாயே திறக்கவில்லை.